குட்டைப் பயிர்

“இந்தக் காலத்து ஆளுக மண்ணை நம்புறதில்ல, பொட்டலத்தைத்தான் நம்புதாக” என்று வரப்பில் காறித் துப்பினார் சுயம்புலிங்கம். “பக்கத்து வயலு நெல்லு இடுப்பு ஒசரம் நிக்கி. உன் பயிரு முழங்காலைத் தாண்டல.”

அழகுத்தாய் குனிந்து ஒரு பயிரை நிமிர்த்திப் பார்த்தாள். புருஷன் செத்த பிறகு வ. புதுப்பட்டி வயலில் அவள் தனியாகப் போட்ட முதல் வெள்ளாமை. இது கைவிட்டால் வயலை விற்றுவிட்டு ராஜபாளையத்து மில்லுக்குப் போக வேண்டியதுதான்.

“வேளாண்மை ஆபீஸ்ல குடுத்த மருந்துலதான் வெதையை ஊறப்போட்டேன், சின்ன மாமா. பிள்ளைக்குக் காய்ச்சல்னு அவுக மருந்து பத்திச் சொன்ன கூட்டத்துல பாதியில எந்திரிச்சு வந்துட்டேன்.”

“பன்னண்டு மணி நேரம் ஊறவச்சு, நெழல்ல ஒலத்தித்தானே வெதச்ச?”

“ஆமா.”

“அப்ப உன் மேல குத்தமில்ல. மருந்துதான் பயிரை அமுக்கிருச்சு. இனி கதிர் வாங்காது.”

“ஆபீசரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடவா?”

“கேளு. இன்னொரு பொட்டலத்தையும் தலையில கட்டுவாக. ஏட்டி, ஆட்டை விட்டு மேச்சா வயலுக்குப் புழுக்கையாவது மிஞ்சும்.”

மாமனாரின் தம்பி. அவர் சொன்னால் மறுத்துப் பழக்கமில்லை. மத்தியானத்துக்குள் ஆட்டுக் கிடைக்காரன் ஓட்டிவந்த இருநூறு ஆடுகள் தூர் வரைக்கும் கடித்துவிட்டன. அழகுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அந்த மூலைக்கும் ஆட்டைப் பத்துலே” என்று கிடைக்காரனை அதட்டினார் அவர்.

“வயலை விக்கிறதுன்னா வெளியாளுக்குக் குடுத்திராத. சொந்தம்னு நான் எதுக்கு இருக்கேன்?”

மறுநாள் காலை அளவுகோலோடு ஸ்கூட்டியில் வந்த வேளாண்மை அதிகாரி யுவராணி, வயலைப் பார்த்து நின்றுவிட்டாள். “பயிரு எங்கக்கா?”

“குட்டையாப் போயிருச்சும்மா. மேச்சுட்டோம்.”

“குட்டையாக்கத்தானேக்கா அந்த மருந்தே! தண்டு தடிக்கும், காத்து மழைக்குச் சாயாது, கதிர் கூடும். கூட்டத்துல கடைசியாச் சொன்னேனே!”

அழகுத்தாய் அப்படியே சேற்றில் உட்கார்ந்தாள்.

“என்னமோ, எனக்கு இந்த மருந்துல எல்லாம் நம்பிக்கை இல்ல” என்று வரப்பில் நின்ற சுயம்புலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

யுவராணி பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“ஐயா, உங்க கான்சாபுரம் வயலுக்கு இந்தத் தடவையும் கேட்டிருந்தீங்களே, இதே மருந்து வந்திருச்சு!”