கிளை விட்ட கைப்பிடி

"மூணு நாளா ஒரே ஒரு கைப்பிடியா, அனஸ்?"

மண்ணூர்பேட்டையில் சின்னதாக டிசைன் ஆபீஸ் நடத்தும் வேதமுத்துவுக்குப் பொறுமை போய்விட்டது. ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர் வண்டி ஆர்டர். தள்ளுவதற்குக் குறுக்கே ஓர் உருண்டைக் குழாய் போட்டால் தீர்ந்தது. இன்று ஐந்து மணிக்குள் டிராயிங் போகாவிட்டால் ஆர்டர் கைமாறிவிடும்.

இந்தப் பிள்ளையோ கம்ப்யூட்டரில் குழாயைக் கிளை பிரித்துக்கொண்டிருந்தான். மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழ்க்கிளை உருண்டைகூட இல்லை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் தட்டை, மாங்கொட்டை மாதிரி. பிரியும் இடத்தில் பிழிந்த துணிபோல முறுக்கிக்கொண்டு வேறு நின்றது.

"உருண்டை, தட்டை, ரெண்டு வடிவத்தோட ஆரம்பப் புள்ளியும் நேருக்கு நேர் வரல சார். வந்துட்டா வழவழன்னு சேந்துடும்."

"அந்தக் கீழ்க்கிளைய யாரு கேட்டா? தூக்கிடு."

பன்னிரண்டு அடித்ததும் அனஸ் நழுவிவிட்டான். மூன்று நாளாக இதே கூத்துதான்.

வேதமுத்து அவன் வைத்திருந்த ஃபைல் பெயரைப் பார்த்தார். 'சரசா 7'.

ஓஹோ, அப்படிப் போகிறதா கதை. சொந்தப் பிள்ளையாக நினைத்திருந்தவருக்கு மனசு கசந்துபோனது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

ஆர்டர் கொடுத்த அதே ஆஸ்பத்திரி. வராந்தாவில் ஆள் சிக்கினான்.

பக்கத்தில் சரசா. அங்கே ஆயா வேலை. வயது ஐம்பதுக்கு மேல், உயரம் நாலரை அடி. பழைய ஸ்ட்ரெச்சர் வண்டியில் தாழ்வாக ஒரு குழாயைக் கட்டி, அதில் களிமண் அப்பி வைத்திருந்தான் அனஸ். சரியாக மடங்காத விரல்களால் அவள் பிடித்து அழுத்த, மண் ஒரு பக்கம் தட்டையானது.

"இப்போ சொகமா கீது நைனா. தோள் ஒசரத்துக்குக் கையத் தூக்கித் தள்ளிகினு, பதினாலு வருசத்துல தோள்பட்டையே போச்சு."

அனஸ் திரும்பி முதலாளியைப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது.

"கீழ்க்கிளைய எடுத்துடறேன் சார்."

வேதமுத்து அவன் தோளில் கை வைத்தார். மறு கையால் ஆஸ்பத்திரி மேனேஜர் லோகநாதனுக்குப் போன் போட்டார்.

"சார், டிராயிங் இன்னிக்கு வராது. ரெண்டு நாள் குடுங்க. முடியாதுன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுங்க. பையன் மேல தப்பில்ல, என் மேலதான். நோயாளியோட வெயிட் கேட்டேன், லிஃப்டோட அகலம் கேட்டேன். தள்ளுறவங்க ஒயரம் என்னன்னு கேக்கவே இல்ல."