சத்தம் வராத பெட்ரோல்

"'வண்டியில ஒரு சத்தமும் இல்ல. இருந்தா எனக்குக் கேட்காதா?' இதையே எத்தனை தடவைம்மா சொல்வார் உன் வீட்டுக்காரர்?"

மகள் அப்பாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். இன்னும் ரெண்டு தடவை சொல்வார் என்றாள் அம்மா, பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே.

சண்டை பெட்ரோலைப் பற்றி. குடும்பத்துக்கென்று பழசாக வாங்கிய ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி. டேங்க் மூடியின் உள்பக்கம், போட வேண்டிய பெட்ரோல் 95 ஆக்டேன் என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. அப்பா போடுவதோ விலை குறைந்த சாதாரண 91. நம்பர் ஏறினால் விலைதான் ஏறும், வண்டி ஏறாது என்பது அவர் கட்சி.

மகள் எதிர்க்கட்சி. மேட்டில் ஏறும்போது, தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கினாற்போல் எஞ்சின் கடகடக்கிறது. இப்படியே விட்டால் எஞ்சின் கையில் வந்துவிடும். அடுத்த வாரம் இதே வண்டியில்தான் மலை ஏறி அத்தை வீட்டுக்குப் போக வேண்டும்.

ஆனால் அப்பா லேசுப்பட்டவர் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். வீட்டுச் சாப்பாடே அதில்தான். போன மாதம் லைசென்ஸ் வாங்கிய பெண் போய் அவருக்கு எஞ்சினைப் பற்றிச் சொன்னால் எடுபடுமா?

"நீயாவது சொல்லேம்மா. உனக்குக் கேட்டுதா இல்லையா?"

"எனக்கும் ஒண்ணும் கேட்கல."

பக்கத்துத் தெருவில் ஊசி விழுந்தால் யார் வீட்டு ஊசி என்று சொல்கிற அம்மா. மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா பகலை ராத்திரி என்றால் நீ போய் விளக்கைப் போடுவாய் என்று சொல்லிவிட்டு, நேராக மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

அந்த மெக்கானிக்குக்கு 'ரேடியோ' என்று பெயர். டிரைவிங் ஸ்கூல் காரைப் பார்ப்பவன் அவன்தான். கை சுத்தம், வாய்தான் நிற்காது. யார் வீட்டு பம்பர் நசுங்கியது, யார் வண்டி தவணை கட்டாமல் போனது, எல்லாம் மத்தியானத்துக்குள் நாலு தெருவுக்கும் ஒலிபரப்பாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோருமாக மேம்பாலத்தில் ஏறுவது, சத்தம் உண்டா இல்லையா என்று ரேடியோ தீர்ப்புச் சொல்வது. அப்பாவும் தாராளமாகச் சம்மதித்தார்.

அம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "அவனையா கூப்பிட்ட?" என்றாள். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை, சோப்பு வாங்க வேண்டும் என்று எஸ்யூவியை எடுத்துக்கொண்டு போன அம்மா மதியம்தான் வந்தாள். கையில் ஒரே ஒரு சோப்பு. இதற்கா மூன்று மணி நேரம் என்று அப்பா கேட்டதற்கு, நல்ல சோப்பு என்றாள். டேங்க் நிரம்பியிருப்பதைப் பார்த்து, சாதாரணம்தானே போட்டாய் என்றார். வேறென்ன போடுவேன் என்றாள்.

ஞாயிறு. அப்பா ஓட்ட, பக்கத்தில் ரேடியோ. பின்னால் அம்மாவும் மகளும். மேம்பாலத்தின் மேட்டில் அப்பா வேண்டுமென்றே ஒரு அழுத்து அதிகமாக அழுத்தினார். ரேடியோ கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

மெத்தையில் நடக்கும் பூனை மாதிரி ஏறியது வண்டி.

தங்கமான எஞ்சின் சார் என்றான் ரேடியோ. ஸ்டிக்கரெல்லாம் வண்டி தெரியாதவர்களுக்காக ஒட்டுவது என்று வீடு வரும்வரை அப்பா பாடம் எடுத்தார். ரேடியோ காப்பியைக் குடித்துவிட்டு ஒலிபரப்பக் கிளம்பினான்.

வண்டிக் கதவு இடுக்கில் மாட்டியிருந்த ரசீது அதற்கப்புறம்தான் மகள் கண்ணில் பட்டது. சனிக்கிழமை, பதினொன்றரை மணி. 95, முழு டேங்க். பழைய பெட்ரோல் தீரும்வரை ஊரைச் சுற்றியிருக்கிறாள் அம்மா.

ரசீதோடு சமையலறைக்குள் நுழைந்தாள். இப்படித் தாங்கித் தாங்கித்தான் அவரைக் கெடுத்து வைத்திருக்கிறாய், ஒரு தடவை அவர் தோற்றால் குடியா முழுகிவிடும் என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கும்வரை பேசினாள்.

அம்மா ரசீதை வாங்கி நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

"முழுகும்டி. அந்தக் கடகடா எனக்கும் கேட்டுது, உனக்கும் கேட்டுது. ரேடியோவுக்கும் கேட்டிருக்கும். அப்புறம் நாலு தெருவுக்கும் தெரிஞ்சிருக்கும்."

"என்ன தெரிஞ்சிருக்கும்?"

"வியாழக்கிழமை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். ஸ்கூல் காரைப் பெயின்ட் அடிக்க விட்டாச்சு, அதுவரைக்கும் வகுப்பு இல்ல. உன் வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு."

"எந்த டாக்டர்? எதுக்கு?"

அம்மா ஜன்னலுக்கு வெளியே காட்டினாள். அப்பா எஸ்யூவியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பின்னாடி போய் நின்னு, இப்ப என்கிட்ட பேசற குரல்லயே ஏதாவது கேளு."

மகள் போனாள். அவருக்கு ரெண்டடி பின்னால் நின்றாள். எப்போது கேட்டாலும் கேட்டு முடிப்பதற்குள் முடியாது என்று வந்து விழுகிற ஒன்றையே கேட்டாள்.

"அப்பா, மலைக்கு இந்தத் தடவை நான் ஓட்டட்டுமா?"

அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மகள் சுற்றிக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே வந்து கையை நீட்டினாள். "சாவியைக் கொடுங்கப்பா."