பெரியப்பாவின் தொண்டை

"நல்லாப் பாருங்க பெரியப்பா" என்று ஜெரென், நாசர்லியை நுண்ணோக்கியின் முன்னால் உட்கார வைத்தாள். அதில் செருகியிருந்த கண்ணாடித் துண்டின் லேபிள் பழுப்பேறிப் போயிருந்தது.

கிழவர் ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். ஊதா நிறத்தில் ஏதோ கும்பலாக முண்டியடித்துக்கொண்டு நின்றது.

"என்னம்மா இது?"

"தொண்டைப் புற்று. எங்கப்பாவைக் கொண்டுபோச்சே, அதேதான்."

நாசர்லி தன் தொண்டையைத் தடவிக்கொண்டார். போன வாரம்தான் குழாயை விட்டு அவர் தொண்டையிலிருந்து சோதனைக்குத் துளி சதை கிள்ளி எடுத்திருந்தார்கள். கோர்கான் நகர ஆய்வுக்கூடத்தில் தம்பி மகள் இந்த நோயைத்தான் ஆராய்கிறாள் என்று, துருக்மென் மேய்ச்சல் காட்டிலிருந்து ஊர்ப் பெரியவர் ஓராஸையும் துணைக்கு இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"இது எதனால வருதும்மா?"

"நீங்கதான் அன்னைக்கே சொன்னீங்களே, சமைச்சவ கை விஷம்னு!" ஜெரென் கைகளைக் கட்டிக்கொண்டாள். "அப்படிச் சொல்லித்தானே எங்கம்மாவை வெளியே தள்ளினீங்க? இன்னைக்கும் அவ சுட்ட ரொட்டியை ஊர்ல ஒருத்தரும் பிட்டு வாயில வைக்கிறதில்ல. உங்களுக்கு ஆக்கிப் போடறது பெரியம்மாதானே? கூப்பிட்டு விசாரிப்போமா?"

"ஐயோ, அவ ஒரு ஈயைக்கூட அடிக்கமாட்டாளே!"

"எங்கம்மா மட்டும் பாம்பா?"

ஓராஸ் தொண்டையைச் செருமினார். "கேக்குறால்ல, வாயத் தொறடா."

"நீ படிச்சவ. நெசமான காரணத்தைச் சொல்லு தாயி" என்று கெஞ்சினார் நாசர்லி.

"சொல்றேன். கொதிக்கக் கொதிக்க டீயை ஊத்தி ஊத்தி, அபினிப் புகையையும் இழுத்தா, செல்லுக்குள்ள மரபணு கொஞ்சம் கொஞ்சமா பிசகும். பிசகின செல் அடங்காம பெருகும். நான் இத்தனை வருஷமா இங்க பாத்தது இது. ஊர் நம்புறது நீங்க சொன்னதை. எது சரின்னு பெரியவர் முன்னால உங்க வாயாலயே சொல்லுங்க. வைத்தியம் அப்புறம் பேசலாம்."

நாசர்லி சுவரைப் பார்த்தார், ஓராஸைப் பார்த்தார். பிறகு உடைந்துவிட்டார்.

"உங்கம்மா மேல ஒரு குத்தமும் இல்ல. தம்பியோட ஆட்டு மந்தை என் கைக்கு வரணும்னு நான்தான் கதை கட்டிவிட்டேன்."

ஓராஸ் தம் கம்பளித் தொப்பியை இழுத்துச் சரி செய்துகொண்டார்.

"மந்தை திரும்பிப் போகுது, தெரிஞ்சுக்க. நாளைக்கு இவ அம்மா சுடற ரொட்டியை ஊரைக் கூட்டி வச்சு மொதல்ல பிட்டுத் திங்கப்போறது நான்தான்" என்றார்.

நாசர்லிக்கு அது காதிலேயே ஏறவில்லை. "எனக்கு இன்னும் எத்தனை நாளும்மா?" என்று முனகினார்.

ஜெரென் கண்ணாடித் துண்டை மெல்ல எடுத்தாள். மெத்தென்ற துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"உங்களுக்கு வெறும் புண்ணுதான் பெரியப்பா. நீங்க பார்த்தது எங்கப்பாவை."