ஷப்பீராவின் கால்

பதின்மூன்று வயது மகனின் கையைக் கட்டி, லோத் நகர யூத நீதிமன்றத்துக்கு இழுத்து வந்து, வாசல் தூணருகே நிறுத்தினான் யோவேசர். பின்னாலேயே அவன் மனைவி ஷப்பீரா தடியை ஊன்றி நொண்டியபடி வந்து சேர்ந்தாள்.

"போன தடவை சவுக்கடி வாங்கியும் இவன் திருந்தல ஐயா. மறுபடியும் வீட்டுல திருடிக் கறியும் மதுவுமா கெடக்கான். எங்க பேச்சைக் கேக்குறதே இல்ல" என்றான் யோவேசர்.

இருபத்துமூன்று நீதிபதிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் முறையும் அடங்காத மகனைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்பது சட்டம். கோபத்தில் கிளம்பி வந்த யோவேசருக்கு அது இப்போதுதான் உறைத்தது. அவன் முகம் வெளுத்தது.

தலைமை நீதிபதி ஷப்பீராவைப் பார்த்தார்.

"அப்பா, அம்மா ரெண்டு பேரும் சேர்ந்து அவனைக் கொண்டு வரணும்னு வேதம் சொல்லுது. கால் ஊனமானவங்க எப்படிக் கொண்டு வருவாங்க? ஒருத்தருக்கு ஊனம்னாலும் இந்த வழக்கு நிக்காது. யோவேசர், உன் சம்சாரத்துக்கு எத்தனை நாளா இப்படி?"

ஷப்பீரா தலை நிமிரவில்லை. யோவேசர் அவள் காலையும் கையிலிருந்த தடியையும் பார்த்தான்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்தே இப்படித்தான் ஐயா."

"அப்ப வழக்கு தள்ளுபடி. பையனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

யோவேசர் நெஞ்சில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஷப்பீரா தடியைக் கீழே போட்டுவிட்டு, மகனின் கட்டை அவிழ்க்க, கால் தரையில் பாவாமல் வாசலுக்கு ஓடினாள்.

தலைமை நீதிபதி சட்டென்று மறுபக்கம் திரும்பிக்கொண்டு, "அடுத்த வழக்கு யாரு?" என்றார்.