இன்னும் அரை மணி நேரம்

“இன்னும் ஒரு அரை மணி நேரம் பேசு சார்” என்று முதல் வரிசையிலிருந்து காட்டுப்பாக்கத்து வேம்புலியம்மாள் குரல் கொடுத்ததும் பேராசிரியர் எட்மண்ட் மைக்கை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் அவரைப் பார்த்து இப்படிச் சொன்ன முதல் மனுஷி அவள்தான்.

தான் ஒரு அறுவை என்பது எட்மண்டுக்கே நன்றாகத் தெரியும். மாணவர்கள் அவருக்கு ‘பிளேடு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டில் அவர் வாயைத் திறந்தால் மனைவி தெரசா மிக்சியைப் போட்டுவிடுவாள். அதில் அரைக்க ஏதாவது இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது.

அப்படிப்பட்டவர் தலையில்தான் பல்கலைக்கழகம் ‘வெள்ளி மாலைக் கலைவிழா’வைக் கட்டியிருந்தது. வாரம் ஒரு நாள் வீணையோ, பரதமோ, வில்லுப்பாட்டோ நடக்கும். பொதுமக்கள் இலவசமாக வந்து பார்க்கலாம். முதலில் எட்மண்ட் அந்தக் கலையைப் பற்றிப் பத்து நிமிடம் முன்னுரை சொல்ல வேண்டும்.

மற்ற நாட்களில் வெளியாள் ஒருத்தரும் கேட்டைத் தாண்ட முடியாது. வெள்ளிக்கிழமையிலும் நிகழ்ச்சி முடிந்த கையோடு வாட்ச்மேன் துலுக்கானம் விசில் ஊதி எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்.

ஜனவரியில் ஆரம்பித்தபோது வந்தவர்கள் நாலே பேர். அதில் ஒருவர் மைக் செட்காரர். ஏப்ரல் பிறந்ததும் என்ன மாயமோ, காட்டுப்பாக்கத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள்.

அதுவும் சும்மா இல்லை, சரக்கு ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டி வைத்துக்கொண்டு வந்தார்கள். தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து மண்டை பிளக்கும் வெயிலில், தன் பேச்சைக் கேட்க வண்டி பிடித்து வருகிறார்கள் என்று எட்மண்ட் தெரசாவிடம் நாலு தடவை சொன்னார். நாலு தடவையும் மிக்சி ஓடியது.

அந்தப் பெண்களின் நாகரிகத்தை நினைத்தால் எட்மண்டுக்குப் புல்லரிக்கும். ஒருத்தி எழுந்து பின்கதவு வழியாகப் போனால், அடுத்த நிமிடமே இன்னொருத்தி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். காலி நாற்காலியைப் பார்த்தால் பேசுகிறவர் மனசு நோகுமே என்று பார்க்கிறார்கள் போல என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார்.

போதாக்குறைக்கு, பாதிப் பேரின் முந்தானை ஈரமாக இருக்கும். கோயிலுக்குப் போகிற மாதிரி தலைக்குக் குளித்துவிட்டு வருகிறார்கள் என்று நினைத்து, ஒரு வெள்ளிக்கிழமை மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்றைக்கு விஷயம் வேறு. இந்தக் கலைவிழாவால் என்ன பிரயோஜனம், இதை நிறுத்திவிடலாமா என்று பார்க்கத் துணைவேந்தரே வந்து முன்வரிசை சோபாவில் உட்கார்ந்திருந்தார். நிறுத்திவிட்டால் இந்த உலகத்தில் எட்மண்ட் பேசிக் கேட்க ஓர் ஆள் கிடையாது. அந்தப் பயத்திலேயே அவர் நாற்பது நிமிடம் முன்னுரை சொல்லி முடித்திருந்தார்.

வேம்புலியம்மாள் கேட்டுக்கொண்டபடி இன்னும் அரை மணி நேரம் பேசினார். மேடையில் வில்லுப்பாட்டுக் குழுவினர் ஒருவர் மாற்றி ஒருவர் கொட்டாவி விட்டார்களே தவிர, கீழே ஒரு முணுமுணுப்பு இல்லை.

ஒருவழியாக வில்லுப்பாட்டும் நடந்தது. வேம்புலியம்மாள் பாட்டுக்காரரைப் பார்க்கவில்லை. வில்லுக்குப் பக்கத்தில் இருந்த குடத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தாள வாத்தியத்தில் இவ்வளவு ஈடுபாடா என்று எட்மண்ட் அசந்துபோனார்.

முடிந்ததும் துணைவேந்தர் மேடையேறி, அந்த அம்மாவை மைக்குக்கு வரச் சொன்னார். எட்மண்ட் அந்தோணியாரை வேண்டிக்கொண்டு, கைக்குட்டையை முறுக்கியபடி பக்கத்தில் நின்றார்.

“எத்தனை வாரமா வர்றீங்கம்மா?”

“ஏழு வாரமா வந்துகினு கீறோம் சார். ஒரு வாரம்கூடத் தப்பல.”

“நம்ம பேராசிரியர் பேச்சு எப்படி இருக்கு?”

“அவரு எவ்ளோ நேரம் பேசுறாரோ, எங்களுக்கு அவ்ளோ நல்லது சார்.”

பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள். இதைக் கேட்கத் தெரசா இங்கே இல்லாமல் போனாளே என்று எட்மண்டுக்கு ஆற்றாமையாக இருந்தது.

துணைவேந்தர் மனம் இளகிவிட்டார். பாமர மக்களின் ரசனையைத் தான் குறைத்து எடைபோட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டார். கலைவிழா நிற்காது என்று அங்கேயே அறிவித்துவிட்டு, உங்களுக்காக நாங்கள் இன்னும் என்ன செய்ய வேண்டும், தயங்காமல் சொல்லுங்கள் என்றார்.

எட்மண்ட் மெல்ல வேம்புலியம்மாள் பக்கம் சாய்ந்து, தினமும் வேணும்னு கேளும்மா என்று கிசுகிசுத்தார்.

அவள் தலையை ஆட்டினாள். எழுபது நிமிடம் பேசி வியர்த்துப்போயிருந்த அவருடைய முகத்தை ஒரு தரம் பரிவோடு பார்த்தாள். பிறகு மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

“பின்னாடி கீற தண்ணிக் கொழாய தெனிக்கும் தொறந்து வுட்டுடுங்க சார். பாவம், இவரு பேசவே வாணாம்.”