தீர்த்தம் தெளித்த டிவி

எண்பத்தெட்டாவது நிமிடம். என் தம்பி கோர்மக் அயர்லாந்து கால்பந்து அணிக்காக முதல்முறை இறங்கப் போகிறான். டிவியில் அவன் மேல்சட்டையைக் கழற்றுவதைப் பார்த்ததும் அம்மா லூர்து மாதா உருவில் இருக்கும் பிளாஸ்டிக் புட்டியின் நீலக் கிரீட மூடியைத் திருகி, அவன் முகத்துக்கு நேராகத் தீர்த்தத்தை வீசுகிறாள். டிவி டப்பென்று அணைகிறது. "அடியே பிரிஜிட்! புள்ளை எறங்குற நேரத்துல என்னடி பண்ணித் தொலைச்ச?" என்று அப்பா அலறுகிறார். "தீர்த்தத்தைக் குத்தம் சொல்லாதீங்க. நீங்க வாங்கின டிவி லட்சணம் அப்படி." பிறகு இருவரும் என் பக்கம் திரும்புகிறார்கள். "நீதானே காலேஜ் படிச்சவ? சரி பண்ணு." நான் படித்தது வரலாறு. இந்த வீட்டின் முதல் பட்டத்தை நான் வாங்கிய அன்று, இவர்கள் தம்பியின் கிளப் ஆட்டத்துக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறிப் போய், தொண்ணூறு நிமிடமும் அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்தக் கோபத்தையெல்லாம் உள்ளங்கையில் சேர்த்து டிவியின் முதுகில் அறைகிறேன். ஒன்பதாவது அறையில் படம் வருகிறது. ஆட்டம் முடிந்து எல்லோரும் கைகுலுக்குகிறார்கள். தம்பியின் சட்டையில் ஒரு புல்கூட ஒட்டவில்லை. "ஆடிட்டான்!" என்று அம்மா அழுகிறாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தட்டுகிறார். "உன்னைப் படிக்க வெச்சது வீண்போகலம்மா."