ரேஸ் கார் செலவு

1938, பொங்கல் கழிந்த மறுவாரம். கிளியனூர் சீனுவாசன் வீட்டு வாசலில் குப்பம்மாள் ஒரு செத்த கோழியோடு வந்து நின்றாள்.

“உங்க ரேஸ் காரு அடிச்சிடுச்சுங்க ஐயா.”

“எங்கே?”

“திண்டிவனம் ரோட்டுலங்க. காத்தா பறந்துக்கினு போச்சு.”

சீனுவாசன் மறுபேச்சில்லாமல் ஒரு ரூபாயை எடுத்துக் கொடுத்தார்.

“சந்தைக்குத்தானே போறே? என்னா வேகம்னு நாலு பேருகிட்ட சொல்லு.”

அவள் கும்பிட்டுவிட்டுப் போனதும் அவர் மனைவி அஞ்சம்மாள் உள்ளேயிருந்து வந்தாள்.

“இந்த வாரத்துல இது நாலாவது கோழி. பெட்ரோலு, டயரு, டிரைவர் சம்பளம்னு அழுது, கட்டுப்படி ஆவாமத்தானே போன மாசம் அந்தக் காரையே பாண்டிச்சேரியில வித்தீங்க?”

“மெதுவா பேசு! காரு வெச்சிருக்குற வீடுன்னுதான் விழுப்புரத்துக்காரங்க நம்ம பொண்ணை எடுக்குறாங்க. தாலி ஏறுற வரைக்கும் அது ஓடிக்கினுதான் இருக்கணும்.”

அஞ்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் தெருக்கோடி மண்ணாங்கட்டி மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நின்றான்.

“ஐயா, உங்க காரு எங்க எருமை மேல ஏறிடுச்சுங்க. டிரைவரு நிக்காமகூடப் பூட்டாருங்க. எருமைன்னா எவ்ளோங்க குடுப்பீங்க?”